இருட்டுக்குத்தான் தயாராக வேண்டும்

கேள்வி: ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க என் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அந்தக் குளிரைத் தாங்குவாளா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: குளிர் பெரிய விஷயமில்லை, அம்மா. அறைக்குள் கதகதப்பாகவே இருக்கும். கோட்டும் பூட்ஸும் அங்கே போய் வாங்கிக்கொள்ளட்டும். சிரமம் இருட்டில்தான். டிசம்பரில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்து எழுந்தால் நடுராத்திரியோ என்று தோன்றும். வெளிச்சம் இருக்கும்போதே தினமும் ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள்.

1477-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. ஆனாலும் பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 1960களின் கடைசியில் அந்த நாட்டில் மரியாதை விளிகள் வழக்கொழிந்து, எல்லோரும் எல்லோரையும் 'டூ' என்று அழைக்கத் தொடங்கினார்கள். நம் பிள்ளைகள் விடும் 'டூ' அல்ல; 'நீ' என்று பொருள். 'சார்' என்றே பழகிய நாக்கு கொஞ்ச நாள் கூசும்.

ஃப்ளோக்ஸ்டா மாணவர் குடியிருப்பில் அறை கிடைத்தால், முதல் ராத்திரியே பதறிப்போய் உங்களுக்குப் போன் செய்வாள். பத்து மணி ஆனதும் மாணவர்கள் ஜன்னலைத் திறந்து தொண்டை கிழியக் கத்துவார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பல வருடப் பழக்கம். படிப்பின் புழுக்கத்தை இப்படித் தீர்த்துக்கொள்கிறார்கள். மறுவாரம் அவளும் கத்துவாள்.

ஒன்று: அங்கே படிப்பு இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டப்படிப்புக்கு வரும் நம்மவர்களுக்கு 2011 முதல் கட்டணம் உண்டு.