ஒரு பொறி நின்றால் பணி நிற்கலாமா?

ஏரிகள் நிறைந்தது நம் செங்கற்பட்டு மாவட்டம். ஊருக்கு ஓர் ஏரி வெட்டி, ஒன்றின் மிகைநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு அமைத்தனர் நம் முன்னோர். எல்லா நீரையும் ஓரிடத்தில் தேக்கினால், அங்குக் கரை உடைந்த அன்றே எல்லாம் போய்விடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கணிப்பொறியில் செய்திகளைச் சேமிப்போரும் அறிய வேண்டிய பாடம் இது.

மாமல்லபுரம், கல்பாக்கம் கடற்கரை 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையைக் கண்டது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் நம் பகுதியை உலுக்கியது. ஓர் அலுவலகத்தின் பதிவேடுகள் அனைத்தும் ஒரே அறையில், ஒரே பொறியில் இருந்தால், அவ்வறையில் நீர் புகும் நாளில் என்ன செய்வது? இவ்வினாவுக்கான விடையையே இக்கட்டுரை ஆராய்கிறது.

மெய்நிகர் பொறி

ஒரே வீட்டில் பல குடித்தனங்கள் இருப்பதுபோல, ஒரே கணிப்பொறியில் பல கணிப்பொறிகள் இயங்குவதாகத் தோன்றச் செய்வதே மெய்நிகராக்கம். ஒவ்வொரு மெய்நிகர் பொறியும் தனக்கெனத் தனி நினைவகமும் வட்டும் இருப்பதாகவே எண்ணி இயங்கும். இது புதிய கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே தன் பெரும்பொறிகளுக்கு இவ்வசதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005, 2006 ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்கள் இதற்கான துணையைச் சாதாரணச் சில்லுகளிலேயே அமைத்தன. 2007-இல் கே.வி.எம். என்னும் திறமூல மென்பொருள் லினக்ஸ் கருவுடன் இணைந்தது. அதன்பின் எளிய கணிப்பொறியிலும் இவ்வேலையைச் செலவின்றிச் செய்ய முடிந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெய்நிகர் பொறியின் வட்டு என்பது, பெரும்பாலும், உண்மைப் பொறியில் உள்ள ஒரு பெரிய கோப்பே. அக்கோப்பு வேறு பொறிகளிலும் இருக்குமானால், இந்தப் பொறி பழுதுற்றாலும் அந்தப் பொறியில் அதே பணியை மீண்டும் தொடங்கலாம்.

பகிர்ந்த சேமிப்பு

அக்கோப்பைப் பல பொறிகளில் ஒரே நேரத்தில் வைத்துக் காப்பதே பகிர்ந்த சேமிப்பு. இத்துறையில் தமிழர் ஒருவரின் பங்கு நாம் பெருமைகொள்ளத் தக்கது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி, 2005-இல் கிளஸ்டர் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். எக்கோப்பு எங்குள்ளது என்று குறித்துவைக்கும் தலைமைப் பொறி இம்மென்பொருளுக்குத் தேவையில்லை. கோப்பின் பெயரைக் கொண்டே ஒரு கணக்கிட்டு, அது இருக்குமிடத்தை ஒவ்வொரு பொறியும் தானே அறிந்துகொள்ளும். எனவே, தலைமைப் பொறி பழுதாகி எல்லாம் நின்றுவிடும் என்ற அச்சமில்லை.

2011-இல் ரெட்ஹாட் நிறுவனம் இதனை ஏறத்தாழ 13 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கியது. தன் வணிகப் பதிப்புக்கான ஆதரவை அந்நிறுவனம் 2024 இறுதியில் முடித்துக்கொண்டது. ஆயினும் மூலநிரல் யாவர்க்கும் திறந்தே உள்ளது. நிறுவனம் விலகினாலும் கருவி நம் கையை விட்டுப் போகாமை திறமூலத்தின் தனிச்சிறப்பு எனலாம். செஃப் என்னும் மற்றொரு திறமூலச் சேமிப்பும் இன்று பெருவழக்கில் உள்ளது.

மூன்றாமவர் ஏன்?

செங்கற்பட்டில் ஒரு பொறியும் மாமல்லபுரத்தில் ஒரு பொறியும் வைத்து, இரண்டிலும் ஒரே பிரதியைக் காப்பதாகக் கொள்வோம். இடையிலுள்ள கம்பி அறுந்தால், ஒவ்வொன்றும் மற்றது அழிந்ததென்று கருதித் தனித்தனியே எழுதத் தொடங்கும். பின்னர் இணையும்போது எது உண்மைப் பிரதி என்பது விளங்காது. இதனைத் தவிர்க்கத் திருக்கழுக்குன்றத்தில் மூன்றாவதாக ஒரு சிறு பொறியை வைக்கலாம். அது கோப்புகளின் பெயரையும் குறிப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு நடுவராக நிற்கும். மூன்றில் இரண்டு வாக்கு உள்ள பக்கமே எழுதலாம் என்பது விதி. கடற்கரையில் மின்சாரம் நின்றாலும் மற்ற இரண்டும் பணியைத் தொடரும். மின்சாரம் வந்ததும், விடுபட்ட மாற்றங்கள் மாமல்லபுரப் பொறிக்குத் தாமே சென்று சேரும்.

தொலைவும் ஒரு கணக்கே. ஒளி, கண்ணாடி இழையில் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தைப் போய்வர ஒரு நொடியின் ஆயிரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஆகவே, நேரடி இழை இருப்பின், ஒவ்வோர் எழுத்தையும் இரண்டிடத்திலும் உடனுக்குடன் பதிக்க இயலும். 14,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊராயின், போய்வர ஆயிரத்தில் 140 பங்கு ஆகும். அங்குச் சற்றுப் பின்தங்கிச் செல்லும் பிரதியே பொருந்தும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அந்த அழிவும் எல்லாப் பிரதிகளிலும் உடனே பரவும். எனவே பகிர்ந்த சேமிப்பு இருப்பினும், நாள்தோறும் தனியே எடுத்துவைக்கும் காப்புப் பிரதி இன்றியமையாதது.

மாணவ நண்பர்களே! இதைக் கற்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. மெய்நிகராக்க வசதியுள்ள பழைய கணிப்பொறிகள் மூன்றும், அவற்றை இணைக்கும் ஒரு ஸ்விட்சும் போதும். அமைத்து முடித்தபின், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொறியின் மின்இணைப்பை நீங்களே பிடுங்கிப் பாருங்கள். பணி மீண்டும் எழுகிறதா என்பதை அன்றே அறிந்துகொள்ளலாம். அதற்கு ஒரு புயல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.