செய்தித் திரையும் நடுவுநிலையும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

மக்களாட்சியில் வாக்கு என்பது ஒருவர் தம் அறிவால் தேர்ந்து அளிக்கும் முடிவு. அம்முடிவுக்குத் தேவையான செய்திகளை இன்று பெரும்பாலோர் தொலைக்காட்சி வழியாகப் பெறுகின்றனர். செய்தியைச் சொல்பவரின் சொல்லும் குரலும் முகமும் வேட்பாளரைப் பற்றிய நம் எண்ணத்தை உருவாக்கக்கூடியவை. திரையில் தோன்றும் சாய்வை அறிந்துகொள்ளவும், சாய்வின்றிச் சிந்திக்கவும் வழிகாட்டுகிறது இப்பாடம்.

முதல் வாக்கும் முதல் செய்தியும்

பன்னிரண்டாம் வகுப்பில் பயில்வோரில் பலர், அடுத்து வரும் தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கவிருப்பவர்கள். முன்பு 21 வயது நிறைந்தவர்களே வாக்களித்தனர். 1988ஆம் ஆண்டின் 61ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அவ்வயதை 18ஆகக் குறைத்தது. பள்ளிப் படிப்பை முடிக்கும் நிலையிலேயே நாட்டின் ஆட்சியைத் தீர்மானிக்கும் பொறுப்பும் இளையோரை வந்தடைகிறது.

சென்னையின் மேற்குப் புறநகரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அம்பத்தூர், ஆவடி, மதுரவாயல், பூந்தமல்லி ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் இங்கு அடுத்தடுத்து அமைந்துள்ளன. மக்களவைத் தேர்தலில் ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர்த் தொகுதியைச் சேர்கின்றன. அம்பத்தூரும் மதுரவாயலும் திருப்பெரும்புதூர்த் தொகுதியைச் சேர்கின்றன. தொழிற்பேட்டையில் இரவுப்பணி முடித்துத் திரும்புபவர், விடியலில் மின்தொடர் வண்டியேறி நகருக்குச் செல்பவர், வேற்றூரிலிருந்து அண்மையில் குடியேறியவர் எனப் பலதிறத்தார் வாழும் பகுதி இது. இவர்களுள் வேட்பாளரை நேரில் கண்டு பேசும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிட்டும்? வேட்பாளரை அவர்கள் அறிவது பெரும்பாலும் திரையின் வழியாகத்தான். எனவே, அந்தத் திரை நேராக இருக்கிறதா என்று கேட்பது வாக்காளரின் உரிமையாகிறது.

முகக்குறிப்பின் வலிமை

சாய்வு என்றதும் பொய்ச் செய்தியும் கடுஞ்சொல்லுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு பொய்யும் உரைக்காமல், ஒரு சொல்லும் கூட்டாமல் சாய்வு வெளிப்பட முடியுமா? முடியும் எனக் காட்டியது அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு.

1984ஆம் ஆண்டு அந்நாட்டின் குடியரசுத் தலைவர் தேர்தலில் ரொனால்டு ரீகனும் வால்டர் மாண்டேலும் போட்டியிட்டனர். உளவியல் ஆய்வாளர் பிரையன் மல்லனும் அவருடைய குழுவினரும், மூன்று பெரும் தொலைக்காட்சிகளின் மாலைச் செய்திகளைப் பதிவு செய்தனர். செய்தியாளர்கள் வேட்பாளர்களைக் குறிப்பிடும் சில நொடிக் காட்சிகளை மட்டும் பிரித்தெடுத்தனர். ஒலியை முற்றிலும் நீக்கிவிட்டு அவற்றை மாணவர்களுக்குக் காட்டினர். யாரைப் பற்றிய செய்தி என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியாது. முகத்தில் மலர்ச்சி எவ்வளவு தெரிகிறது என்பதை மட்டும் 21 புள்ளி அளவுகோலில் அவர்கள் மதிப்பிட வேண்டும்.

டான் ராதர், டாம் புரோக்கா என்னும் இருவரின் முகங்கள் இரு வேட்பாளர்களுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பைப் பெற்றன. பீட்டர் ஜென்னிங்சு என்பவரின் முகம் மட்டும் மாண்டேலைக் குறிப்பிடும்போது 13.38 புள்ளியும், ரீகனைக் குறிப்பிடும்போது 17.44 புள்ளியும் பெற்றது. பின்னர்ச் சில நகரங்களின் வாக்காளர்களிடம் வினவியபோது, ஜென்னிங்சின் செய்தியை வழக்கமாகப் பார்த்தவர்களிடையே ரீகனுக்கு வாக்களித்தோர் விகிதம் கூடுதலாக இருந்தது.

இம்முடிவை எச்சரிக்கையோடு கையாளுதல் வேண்டும். முகமலர்ச்சி வாக்கை மாற்றியது என்று இதைக்கொண்டு அறுதியிட்டுக் கூற இயலாது. ரீகனை விரும்பியவர்களே அத்தொலைக்காட்சியை நாடியிருக்கவும் கூடும். ஆனால், ஓர் உண்மை உறுதியாகிறது. செய்தியின் சொற்கள் நேராக இருக்கும்போதே புருவமும் இதழும் ஒரு பக்கம் சாயலாம். அச்சாய்வைச் செய்தி சொல்பவரே உணராமலும் இருக்கலாம்.

தமிழ்நாட்டுத் திரையின் வரலாறு

1975 ஆகத்து 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அரசு ஒளிபரப்பு மட்டுமே இருந்த அக்காலத்தில், ஆட்சியில் இருப்போருக்கே திரையில் முதலிடம் என்னும் குறை நாடெங்கும் எழுந்தது. ஒளிபரப்புக்குத் தன்னாட்சி வேண்டும் என்ற கோரிக்கையின் விளைவாக 1990இல் பிரசார் பாரதிச் சட்டம் இயற்றப்பட்டு, 1997இல் நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையே தனியார் ஒளிபரப்பு வளர்ந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. அதன் நிறுவனர் கலாநிதி மாறன், தி.மு.க.வின் முன்னணித் தலைவரும் நடுவண் அமைச்சருமாக விளங்கிய முரசொலி மாறனின் மகன். 1999இல் தோன்றிய ஜெயா தொலைக்காட்சி அ.தி.மு.க.வோடும், 2007இல் தோன்றிய கலைஞர் தொலைக்காட்சி தி.மு.க.வோடும் இணைத்து அறியப்பட்டன. பா.ம.க.வோடு தொடர்புடைய மக்கள் தொலைக்காட்சி 2006இலும், தே.மு.தி.க.வோடு தொடர்புடைய கேப்டன் தொலைக்காட்சி 2010இலும் தொடங்கின. பின்னர் 24 மணி நேரச் செய்தித் தொலைக்காட்சிகளும் இரவு விவாத நிகழ்ச்சிகளும் பெருகின.

ஒரே கூட்டத்தை ஒரு திரை மக்கள் கடலாகக் காட்ட, மற்றொரு திரை வெற்று நாற்காலிகளைக் காட்டுவதைத் தமிழ்நாட்டு வாக்காளர் நன்கறிவர். சார்பு வெளிப்படையாக இருக்குமிடத்தில் அவர் விழிப்போடு இருக்கிறார். இந்தத் திரை இன்னாருடையது என அறிந்தே பார்க்கிறார். நடுநிலை என்று தன்னை அறிவித்துக்கொள்ளும் திரையில் நுண்ணிய சாய்வு இருக்குமாயின், அதைக் கண்டறிவதே கடினம். நாம் பயிற்சி பெற வேண்டிய இடமும் அதுவே.

சாய்வு வெளிப்படும் இடங்கள்

முதலாவது, வினைச்சொல். ஆவடித் தொகுதியில் இரு வேட்பாளர்கள் சாலைப்பணி பற்றிப் பேசுவதாகக் கற்பனை செய்வோம். இருவரும், "பணி ஆறு மாதத்தில் முடியும்" என்கின்றனர். ஒருவர் 'உறுதியளித்தார்' எனவும், மற்றவர் 'கூறிச் சமாளித்தார்' எனவும் செய்தி வருகிறது. செய்தி ஒன்றே, வினைமுற்று தீர்ப்பை வழங்கிவிட்டது. கூறினார், வலியுறுத்தினார், ஒப்புக்கொண்டார், மழுப்பினார் என்னும் சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு எடையுடையவை. தமிழின் சொல்வளம் அறிந்த மாணவருக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படும்.

இரண்டாவது, வினா. "உங்கள் திட்டம் என்ன?" என்பது விடைக்கு இடம் தரும் வினா. "மக்களை ஏமாற்றுவதை எப்போது நிறுத்துவீர்கள்?" என்பது குற்றத்தை முன்கூட்டியே உறுதிசெய்துகொண்ட வினா. கடுமையாகக் கேட்பது குறையன்று. ஆட்சியில் இருந்தவரிடம் கணக்குக் கேட்பது நெறியாளரின் கடமை. அதே கடுமை எதிர்த்தரப்பாரிடமும் காட்டப்படுகிறதா என்பதே உரைகல்.

மூன்றாவது, காலம். விவாதத்தில் யார் எத்தனை மணித்துளி பேசினார், யாருடைய பேச்சு எத்தனை முறை இடைமறிக்கப்பட்டது, இறுதிச் சொல் யாருக்குக் கிடைத்தது ஆகியவை எண்ணக்கூடியவை. எண்ணிப் பார்த்தால் நம் உணர்ச்சி சொல்வதும் கடிகாரம் சொல்வதும் வேறுபடுவதுண்டு.

நான்காவது, விடுபடல். 2023 திசம்பரில் வீசிய மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வெள்ளம் தேங்கியது. மழைநீர் வடிகால், கொரட்டூர் ஏரியின் தூய்மை, பூந்தமல்லி நெடுஞ்சாலையின் நெரிசல் என இப்பகுதி மக்களுக்கு வேட்பாளர்களிடம் கேட்க வேண்டிய வினாக்கள் பல உள்ளன. இரவு விவாதமோ மாநிலத் தலைவர்கள் ஒருவரையொருவர் சாடிய சொற்களையே சுற்றிவருகிறது. தொகுதி வேட்பாளர் பெயரளவிலும் இடம்பெறாமல் போகிறார். கேட்காத வினாவும் ஒருவகைச் சாய்வே. அதனால் பயனடைபவர், விடை சொல்ல விரும்பாத வேட்பாளர்.

இவ்விடத்தில் இங்கிலாந்து நாட்டு நடைமுறை ஒன்று எண்ணத்தக்கது. அங்கே தேர்தல் காலத்தில் ஒரு தொகுதியைப் பற்றி ஒளிபரப்பு நிறுவனம் விரிவான செய்தி வெளியிட்டால், அத்தொகுதியில் போட்டியிடும் வேட்பாளர் அனைவரின் பட்டியலையும் தருதல் வேண்டும் என்பது ஒளிபரப்பு ஒழுங்காணையத்தின் விதி. பெயர் சொல்லப்படுதல் என்னும் குறைந்த அளவு நீதியேனும் அனைவருக்கும் கிடைக்கிறது.

தெரியுமா?

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விளக்குகின்றன. தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். எப்பக்கமும் சாராத கையே ஓலையை எடுக்க வேண்டும் என்பது முன்னோர் கண்ட தெளிவு.

சட்டம் காக்கும் எல்லை

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தேர்தல் கால ஒளிபரப்புக்குச் சில வரம்புகளை விதிக்கிறது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் பரப்புரைச் செய்திகளைத் தொலைக்காட்சியில் காட்டுவதை அதன் 126ஆவது பிரிவு தடைசெய்கிறது. வாக்களித்து வந்தோரிடம் எடுக்கப்படும் கணிப்புகளைத் தேர்தல் ஆணையம் குறிக்கும் காலம்வரை வெளியிடுதல் கூடாது என்கிறது 126அ பிரிவு. தொலைக்காட்சியில் வரும் அரசியல் விளம்பரங்கள், 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி, முன்னரே சான்றிதழ் பெறுதல் வேண்டும். விலைக்கு வாங்கப்பட்ட செய்திகளை ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுக்கள் கண்காணிக்கின்றன.

அரசு ஒளிபரப்பில் ஏற்பளிக்கப்பட்ட கட்சிகளுக்கு நேரம் பகிர்ந்தளிக்கும் திட்டம் 1998 முதல் நடைமுறையில் உள்ளது. எந்தக் கட்சி எந்த நாளில் பேசும் என்பது கட்சிப் பிரதிநிதிகள் முன்னிலையில் குலுக்கல் வழியாக முடிவு செய்யப்படுகிறது. குடவோலையின் அறம் இங்கே தொடர்வதைக் காணலாம்.

தனியார் செய்தி ஒளிபரப்பாளர் சங்கம் 2014இல் தன் உறுப்பினர்களுக்குத் தேர்தல் ஒளிபரப்பு நெறிகளை வகுத்தது. ஒரு கட்சியையோ வேட்பாளரையோ சார்ந்திருந்தால் அதை வெளிப்படையாகத் தெரிவித்தல் வேண்டும். அவ்வாறு வெளிப்படையாக ஆதரிக்காதவர்கள் சமநிலையோடு செய்தி வழங்குதல் வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும்.

இவையனைத்தும் வேண்டுவனவே. எனினும், விளம்பரத்துக்குச் சான்று வழங்கும் குழு, நெறியாளரின் ஏளனப் புன்னகைக்குச் சான்று வழங்க இயலாது. சட்டத்தின் கை எட்டாத அவ்விடத்தில் நெறியாளரின் மனச்சான்றும் பார்ப்பவரின் விழிப்புமே காவல்.

நம்மிடம் உள்ள சாய்வு

அமெரிக்காவின் இசுடான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1985இல் வெளியான ஆய்வு மற்றொரு பாடத்தைக் கற்பிக்கிறது. 1982இல் பெய்ரூத் நகரில் நடந்த படுகொலையைப் பற்றிய ஒரே செய்தித் தொகுப்பு, இசுரேல் ஆதரவாளர்களுக்கும் அரபு ஆதரவாளர்களுக்கும் காட்டப்பட்டது. இரு தரப்பினரும் அச்செய்தி தமக்கு எதிராகவே சாய்ந்திருப்பதாகக் கூறினர்!

நாம் விரும்பும் வேட்பாளரிடம் நெறியாளர் ஒரு வினாவைத் தொடுத்தால் அது நமக்குத் தாக்குதலாகத் தோன்றுகிறது. பிறரிடம் அதே வினாவைத் தொடுத்தால் துணிவாகத் தோன்றுகிறது. திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரமாகிய நடுவு நிலைமை, சான்றோர்க்குத் துலாக்கோலை உவமையாக்குகிறது. பொருளை நிறுக்குமுன் கோல் நேராக நிற்கிறதா எனப் பார்ப்பது வணிகரின் முதற்கடமை. செய்தியை நிறுக்குமுன் நம் மனக்கோலைப் பார்ப்பது வாக்காளரின் முதற்கடமை.

நடுவுநிலை என்பது உண்மைக்கும் பொய்க்கும் சம இடம் தருவதன்று. வடிகால் கட்டப்பட்டதா என்பதற்கு இரு கருத்துகள் தேவையில்லை. நெறியாளர் நேரில் சென்று பார்த்து உண்மையைச் சொல்லலாம். அவ்வுண்மை ஒருவருக்குப் பாதகமாக அமைவது சாய்வாகாது. சான்றில்லாத இடத்தில் தீர்ப்பு வழங்குவதும், சான்றுள்ள இடத்தில் மௌனம் காப்பதுமே சாய்வாகும்.

ஒரே செய்தியை இரு தொலைக்காட்சிகளில் காண்பது, சிறிது நேரம் ஒலியை நிறுத்தி முகத்தை மட்டும் நோக்குவது, பேசிய காலத்தைக் குறித்துவைப்பது, சொல்லப்படாதது எது என வினவுவது ஆகிய நான்கும் எளிய பயிற்சிகள். இவற்றுக்குத் தேவை ஒரு தாளும் எழுதுகோலும் சிறிது பொறுமையுமே. வாக்குச்சாவடியின் மறைவுத் தட்டிக்குப் பின்னால் வாக்காளருடன் நெறியாளரும் வருவதில்லை. கட்சித் தலைவரும் வருவதில்லை. அங்கே தனித்து எடுக்கும் முடிவு, பிறர் முகக்குறிப்பின் எதிரொலியாக இல்லாமல் தம் சிந்தனையின் விளைவாக இருத்தல் வேண்டும்.

இலக்கணக் குறிப்பு

கேட்காத வினா – எதிர்மறைப் பெயரெச்சம்
புருவமும் இதழும் – எண்ணும்மை
கடுஞ்சொல் – பண்புத்தொகை

பகுபத உறுப்பிலக்கணம்

அறிந்த = அறி + த்(ந்) + த் + அ
அறி – பகுதி
த் – சந்தி. ந் ஆனது விகாரம்
த் – இறந்தகால இடைநிலை
அ – பெயரெச்ச விகுதி

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. வாக்களிக்கும் வயதை 18ஆகக் குறைத்த அரசியலமைப்புத் திருத்தம்
அ) 42 ஆ) 44 இ) 61 ஈ) 73

2. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிய ஆண்டு
அ) 1959 ஆ) 1975 இ) 1990 ஈ) 1993

குறுவினா

1. 'கேட்காத வினாவும் ஒருவகைச் சாய்வே' – விளக்குக.
2. குடவோலையை எடுக்கச் சிறுவனைத் தேர்ந்தது ஏன்?

சிறுவினா

1. செய்தியில் இடம்பெறும் வினைச்சொல் தீர்ப்பாக மாறுவதை எடுத்துக்காட்டுடன் எழுதுக.
2. பிரையன் மல்லன் குழுவினரின் ஆய்வுமுறையையும், அதன் முடிவை எச்சரிக்கையோடு கையாள வேண்டியதன் காரணத்தையும் எழுதுக.

நெடுவினா

தேர்தல் காலச் செய்தியில் நடுவுநிலை காக்கச் சட்டம், நெறியாளர், பார்வையாளர் ஆகிய மூவரும் ஆற்ற வேண்டிய பங்கினைத் தொகுத்து எழுதுக.

கற்பவை கற்றபின்...

1. ஓர் இரவு விவாத நிகழ்ச்சியைக் கண்டு, பங்கேற்றோர் ஒவ்வொருவரும் பேசிய நேரத்தையும் இடைமறிக்கப்பட்ட எண்ணிக்கையையும் அட்டவணைப்படுத்துக. நிகழ்ச்சி முடிந்ததும் உங்களுக்குத் தோன்றிய எண்ணத்தோடு அதனை ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் தொகுதி வேட்பாளர்கள் அனைவரிடமும் கேட்க விரும்பும் ஐந்து வினாக்களை, எத்தரப்பையும் சாராத சொற்களால் எழுதுக.