படைவிடுப்புப் பத்திரத்தைத் திருத்தக் கோருவோருக்கு

அமெரிக்க ராணுவத்திலிருந்து கௌரவக் குறைவான முறையில் விடுவிக்கப்பட்ட ஒருவர் அந்த முடிவை மறுபரிசீலனை செய்யும்படி அரசாங்கத்திடம் விண்ணப்பிக்கலாம் என்பதும், அதற்கென்றே 1944-ஆம் ஆண்டு முதல் சட்டத்தில் ஒரு மார்க்கம் இருந்து வருகிறது என்பதும், யாருக்கு அது மிகவும் பிரயோஜனப்படுமோ அவர்களுக்கே தெரியாமல் போய்விடுவதை, முன்னாள் வீரர்களுக்கான இலவசச் சட்ட உதவி நிலையம் ஒன்றில் வழக்கறிஞர்களுக்குத் துணையாக விண்ணப்பங்கள் தயாரிக்கும் தொண்டில் ஈடுபட்டிருந்த காலத்தில் நான் மீண்டும் மீண்டும் கண்டு வருந்தியிருக்கிறேன். தமிழ் வாசகர்களுக்கு இது சம்பந்தமற்ற விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். கிரீன் கார்டு உள்ளவர்கள் அந்த ராணுவத்தில் சேரலாம். 2009-இல் தொடங்கிய 'மாவ்னி' என்ற திட்டத்தில், அந்நியமொழி அறிந்தவர்களைச் சேர்த்துக்கொள்ள வகுத்த பட்டியலில் தமிழும் இடம்பெற்றிருந்தது. ராணுவ சேவையின் பேரில் பிரஜாவுரிமை பெற்ற ஒருவர், ஐந்து ஆண்டு கௌரவமான சேவையைப் பூர்த்தி செய்யும் முன்பு கௌரவமற்ற முறையில் விடுவிக்கப்பட்டால், பெற்ற பிரஜாவுரிமையையே இழக்க நேரலாம். ஆகவே, பிள்ளைகளை அந்தச் சேவைக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்களும் இதை அறிந்திருத்தல் நலம்.

ராணுவத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொருவருக்கும் டிடி 214 என்ற பத்திரம் கொடுக்கப்படுகிறது. அதில் ஒரு சிறிய பிரதியும் ஒரு பெரிய பிரதியும் உண்டு. சிறிய பிரதியில் சேவையின் தன்மையும் விடுவிப்பின் காரணமும் இரா. 'மெம்பர் 4' என்று அடியில் குறித்திருக்கும் பெரிய பிரதியில்தான், 24-ஆம் கட்டத்தில் சேவையின் தன்மையும், 26-இலும் 27-இலும் சங்கேத எண்களும், 28-இல் விடுவிப்புக்கான காரணமும் எழுதப்பட்டிருக்கும். எங்களிடம் வருவோரில் பலர் சிறிய பிரதியையே வைத்துக்கொண்டு, தம் மீது என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை உள்ளபடி அறியாமலே பல ஆண்டுகளைக் கழித்திருப்பார்கள். எனவே பெரிய பிரதியைத் தருவித்து, அந்த நான்கு கட்டங்களையும் நிதானமாகப் படித்துவிட்டுத்தான் வேறு எதையும் தொடங்க வேண்டும் என்பது என் முதல் யோசனை. ஏனெனில் 24-ஆம் கட்டத்தை மட்டும் மாற்றக் கேட்டு, 28-ஆம் கட்டத்தில் உள்ள 'தீய நடத்தை' என்ற காரணத்தை மாற்றக் கேட்காமல் விட்டால், வேலைக்கு மனுச் செய்யும் இடத்தில் பழைய அவமானம் அப்படியே உடன்வரும்.

சேவையின் தன்மை ஐந்து படிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. 'ஆனரபிள்' எல்லாவற்றிலும் மேலானது. அதற்கு அடுத்தது 'ஜெனரல்'. மூன்றாவது, வீரர்கள் 'ஓ.டி.எச்.' என்று சுருக்கிச் சொல்லும் கௌரவமற்ற விடுவிப்பு. இம்மூன்றையும் ராணுவ நிர்வாகமே வழங்கிவிடலாம். இவற்றுக்கும் கீழான இரண்டு படிகள் கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்றத்தின் தண்டனையாக மட்டுமே விதிக்கப்படுபவை. ஓ.டி.எச். பெற்றவருக்குப் படிப்புச் சலுகை கிடையாது. ஊனத்துக்குரிய உதவித்தொகையும் வைத்தியமும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும். பழைய வீரர்கள் தமக்குள் 'பேட் பேப்பர்' என்று சொல்லிக்கொள்ளும் அந்தக் காகிதத்தை நீட்ட வேண்டியிருக்கும் என்பதாலேயே நல்ல வேலைகளுக்கு மனுப் போடாமல் ஒதுங்கியவர்களையும் நான் அறிவேன்.

ஆறு மாதம் கழிந்தால் இந்தப் பத்திரம் தானாகவே கௌரவமானதாக மாறிவிடும் என்ற ஒரு வதந்தி, எத்தனை தலைமுறையாகவோ படைமுகாம்களில் உலவி வருகிறது. அது முழுப் பொய். நாமாக எழுதிக் கேட்டாலன்றி எதுவும் மாறாது.

கேட்பதற்கு இரண்டு வாயில்கள் உண்டு. முதலாவது டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியம்; விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள், டிடி 293 என்ற படிவத்தில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். கோர்ட் மார்ஷல்களில் உயர்ந்ததான 'ஜெனரல் கோர்ட் மார்ஷல்' விதித்த விடுவிப்பில் அந்த வாரியம் தலையிடாது. இரண்டாவது, பதிவேடுகளைத் திருத்தும் வாரியம். அதற்கு டிடி 149. பிழையோ அநீதியோ தெரியவந்ததிலிருந்து 3 ஆண்டு என்பது அங்கே கெடுவாயினும், நீதியை முன்னிட்டு அந்தக் கெடுவைத் தளர்த்த அதற்கு அதிகாரம் உண்டு. ஆதலால், காலம் கடந்துவிட்டதே என்று யாரும் கைவிட்டுவிட வேண்டியதில்லை. முதல் வாரியத்தில், காகிதங்களை மட்டும் பார்த்து முடிவு செய்யும்படியும் கேட்கலாம், நேரில் தோன்றிப் பேசவும் கேட்கலாம். காகித ஆய்வில் தோற்றவர் 15 ஆண்டுக்குள்ளாகவே இருப்பாரேல் பிறகு நேர்விசாரணை கேட்க முடியும். நேர்விசாரணையை முதலில் கேட்டுத் தோற்றவர் காகித ஆய்வுக்குத் திரும்ப முடியாது. அவகாசம் இருப்பவர்கள் காகித ஆய்வில் தொடங்குவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

இனி நான் விரிவாகச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த விண்ணப்பத்தை ஒரு மன்னிப்புக் கடிதமாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள். வாரியம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளுக்கு விடையாக எழுதுகிறவர்களுக்கே வழி திறக்கிறது. அந்தக் கேள்விகள் எவை என்பது ரகசியம் அன்று. வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பியவர்களை வதைத்த பி.டி.எஸ்.டி. என்ற மன அதிர்ச்சி நோய், அமெரிக்க வைத்தியர்களின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றதே 1980-இல்தான். அதற்கு முன் அந்த நோயின் காரணமாகத் தடுமாறியவர்கள் ஒழுக்கங்கெட்டவர்கள் என்றே முத்திரையிடப்பட்டார்கள். 2014-இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவரும், வியட்நாமில் தாமே காலாட்படையில் போரிட்டவருமான சக் ஹேகல், இத்தகையோரின் விண்ணப்பங்களைத் தாராள மனத்துடன் ஆராய வேண்டும் என்று உத்தரவிட்டார். அதை விளக்கி 2017 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்த, குர்ட்டா என்ற அதிகாரியின் பெயரால் வழங்கும் சுற்றறிக்கை நான்கு கேள்விகளை வகுத்தது: விடுவிப்புக்குக் காரணமான செயலைத் தணிக்கத்தக்க நோயோ அனுபவமோ அவருக்கு இருந்ததா; அது சேவைக் காலத்திலேயே நேர்ந்ததா; அது அந்தச் செயலை உண்மையில் விளக்குகிறதா; செயலின் கடுமையைவிட அதன் கனம் மிகுதியா. தலையில் பட்ட காயமும், சேவையில் நேர்ந்த பாலியல் வன்முறையும் துன்புறுத்தலும் இதில் அடங்கும். வீரருடைய சொந்த வாக்குமூலமே தனித்து நின்று சாட்சியமாகலாம் என்றும், கௌரவமான விடுவிப்புக்கு மாசுமறுவற்ற சேவை அவசியமில்லை என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களை வாசித்துக் காட்டியபோது நிமிர்ந்து உட்கார்ந்த மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஈராக்கில் போரிட்டுத் திரும்பிய ஒரு காலாட்படை வீரரின் காரியத்தைச் சொன்னால் இது தெளிவாகும். 2006-இல், அனுமதியின்றிப் படைமுகாமை விட்டுச் சென்றார் என்பதற்காகக் கோர்ட் மார்ஷல் விசாரணைக்கு உள்ளாக வேண்டியவர், அதற்குப் பதிலாக விடுவிப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்திட்டு, ஓ.டி.எச். பெற்று வெளியேறினார், ஆறு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அவருக்கும் சொல்லியிருந்தார்களாம். 15 ஆண்டுக் கெடு முடியச் சில மாதங்களே மிஞ்சியிருந்த வேளையில் அவர் வந்ததால், நேர்விசாரணையையே கேட்பது என்று எங்கள் வழக்கறிஞர் தீர்மானித்தார். செயின்ட் லூயிஸ் நகரத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எஸ்.எஃப். 180 என்ற படிவத்தை அனுப்பி அவருடைய கோப்பைத் தருவித்தோம். (1973-ஆம் ஆண்டு ஜூலையில் அங்கே மூண்ட தீயில் 1 கோடி 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. 1960-க்கு முன் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் பதிவுகள் பெரும்பாலும் அதில் போயின. அத்தகையவர்கள் வீட்டிலுள்ள கடிதங்களையும் புகைப்படங்களையும் கொண்டு கோப்பைத் திரும்பக் கட்ட வேண்டும்.)

வந்த கட்டைத் தேதிவாரியாக மேஜைமீது பரப்பினோம். போருக்குச் செல்லும் முன்பு இருந்த தாள்களில் பதவி உயர்வும் ஒரு பாராட்டும் இருந்தன. கண்டனம் ஒன்றுகூட இல்லை. திரும்பிய பிறகு, அதே மனிதரைப் பற்றி, காலை அணிவகுப்புக்கு வரவில்லை, வாயில் மதுவின் வாடை, மேலாளுக்கு மரியாதையின்றிப் பதில் சொன்னார் என்று மேலதிகாரிகளின் எச்சரிக்கைத் தாள்கள் வாரத்துக்கு வாரம் சேர்ந்துகொண்டே போயின. இரண்டுக்கும் நடுவில், போர்க்களத்திலிருந்து திரும்பும் ஒவ்வொருவரும் பூர்த்தி செய்ய வேண்டிய சுகாதாரக் கேள்வித்தாள் இருந்தது. துர்ச்சொப்பனங்கள் வருகின்றனவா என்ற கேள்விக்கு எதிரே 'ஆம்' என்ற கட்டத்தில் பேனாவை அழுத்திக் குறியிட்டிருந்தார். மனநல வைத்தியரிடம் அனுப்பப்பட்டாரா என்று அதிகாரி குறிக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. முதல் இரண்டு கேள்விகளுக்கும் அந்த ஒரு தாள் விடை சொல்லிவிட்டது. அவரோ அப்படி ஒரு தாளை எழுதியதையே மறந்திருந்தார்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. நோய் இருந்தது என்று நிரூபிப்பது வேறு, அந்த நோயே இந்தச் செயலுக்குக் காரணம் என்று காட்டுவது வேறு. பல விண்ணப்பங்கள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. ஆகவே வைத்தியரிடம் கடிதம் கேட்கும்போது, 'இவருக்கு பி.டி.எஸ்.டி. உண்டு' என்ற ஒற்றை வரியோடு திருப்தியடையாமல், கூட்டத்தையும் ஓசையையும் ஆயுதங்களையும் தவிர்த்து ஓடுவது இந்நோயின் லட்சணம் என்பதையும், முகாமை விட்டு அவர் போனது அந்த லட்சணத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்பதையும், விடுவிப்புத் தஸ்தாவேஜுகளைப் படித்த பின்பே எழுதித் தரும்படி வேண்டிக்கொள்ள வேண்டும். முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்த குற்றத்தை இந்த வாதம் பொதுவாகக் காப்பாற்றாது என்பதையும் விண்ணப்பிப்பவருக்கு முதலிலேயே சொல்லிவிடுவதே தர்மம்.

நண்பர்களும் உறவினரும் தரும் கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'இவர் நல்லவர், உழைப்பாளி' என்று எழுதப்படும் பத்துக் கடிதங்களைவிட, கண்டதை எழுதிய ஒரு கடிதத்துக்கு மதிப்பு அதிகம். அந்த வீரரின் தாயார், விடுமுறையில் வந்த மகன் படுக்கையில் படுக்காமல், வாசற்கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்ததையும், அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தால் அவன் தரையில் குப்புறப் படுத்துவிட்டதையும் எழுதியிருந்தார். அலங்காரம் எதுவும் இல்லாத அரைப் பக்கம் அது.

விண்ணப்பதாரர் தாமே எழுதும் வாக்குமூலத்தில், செய்த செயலை ஒளிக்காமல் அதன் பெயராலேயே சொல்லிவிட வேண்டும். மேலதிகாரிகள்மீது ஆத்திரத்தைக் கொட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. அதேபோல, விடுவிப்புக்குப் பின் வாழ்ந்த வாழ்க்கையையும் சான்றுகளோடு எழுத வேண்டும். 2018 ஜூலையில் அதே துறையிலிருந்து வந்த, வில்கி என்ற அதிகாரியின் பெயரால் வழங்கும் சுற்றறிக்கை, நோய் எதுவும் இல்லாதவர்களுக்கும்கூட, காலம் கடந்ததையும் பிறகு ஒழுங்காக வாழ்ந்ததையும் சமூகத்துக்குச் செய்த தொண்டையும் கருணையோடு நிறுத்துப் பார்க்கச் சொல்கிறது. தன்பாலின ஈர்ப்புடையவர் என்ற ஒரே காரணத்துக்காக விலக்கப்பட்டவர்களின் நிலை இவ்வளவு சிக்கலானதன்று. அவர்களை விலக்க இடமளித்த சட்டம் 2011 செப்டம்பரில் நீங்கியது முதல், வேறு குற்றம் பதிவாகாதவர்களுக்குப் பத்திரத்தை மாற்றிக் கொடுப்பதே பொது விதியாகிவிட்டது.

நேர்விசாரணை காணொளி வழியாக நடந்தது. ஐவர் கொண்ட வாரியத்தின் முன் எங்கள் வீரர் கேட்கப்பட்டதற்கு மட்டும் சுருக்கமாக விடை கூறினார். எங்கே போனாய், ஏன் போனாய், யாரிடமாவது உதவி கேட்டாயா என்பனவே அவர்கள் கேட்டவை. அவற்றை முன்கூட்டியே உரக்கப் பேசிப் பழகியிருந்ததால் அவர் தடுமாறவில்லை. மாதங்கள் கழித்து வந்த முடிவு ஓ.டி.எச். என்பதை ஜெனரல் என்று உயர்த்தியது. வைத்தியத்துக்கும் உதவித்தொகைக்கும் அது போதும். கல்லூரிப் படிப்புச் சலுகைக்கு ஆனரபிள் ஒன்றே தகுதியாதலால், எஞ்சியதைக் கேட்டு அவர் திருத்த வாரியத்துக்கு டிடி 149 அனுப்பினார். பாதி வெற்றியோடு நின்றுவிடாமல் அவர் தொடர்ந்து போராடத் துணிந்ததை நான் மனமாரப் போற்றுகிறேன்.

இத்தனையும் முடிய ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை வைத்தியமின்றிக் காத்திருக்கத் தேவையில்லை. முன்னாள் படைவீரர் நலத்துறை, ராணுவத்தின் முடிவுக்குக் காத்திராமல், ஒருவருடைய விடுவிப்பின் தன்மையைத் தன் சலுகைகளுக்காகத் தானே தனியாக ஆராய்ந்து தீர்மானிக்கும். அதன் விதிகளும் 2024-இல் தளர்த்தப்பட்டிருக்கின்றன. போர்முனையில் சேவை செய்தவர்களுக்கும், சேவையில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் ஓ.டி.எச். இருந்தாலும் மனநல வைத்தியம் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுகிற எந்த முன்னாள் வீரரும் 988 என்ற எண்ணை அழைத்து 1-ஐ அழுத்தலாம். பத்திரத்தைக் காட்டும்படி அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், அதே காகிதங்களை மறுபடியும் அனுப்புவது வீண். காரணங்களைச் சொல்லாமல் வாரியம் நிராகரிக்க முடியாதாகையால், நான்கு கேள்விகளில் எதற்கு 'இல்லை' என்று விடை எழுதியிருக்கிறார்கள் என்பதை அந்த முடிவிலேயே தேடிக் கண்டுபிடித்து, அந்த ஒன்றுக்குரிய புதிய சான்றைச் சேர்த்துத் திருத்த வாரியத்திடம் போக வேண்டும். அங்கும் தோற்றவர், 2019 டிசம்பர் 20-ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ விடுவிக்கப்பட்டவராக இருந்தால், அவருக்குப் பாதுகாப்புத் துறையின் இறுதி மேல்முறையீட்டு வாரியம் ஒன்று இருக்கிறது. மற்றவர்கள் ஆறு ஆண்டுக்குள் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். நீதிமன்றம் வாரியத்தின் முன் இருந்த தஸ்தாவேஜுகளைக் கொண்டே தீர்ப்பளிக்குமாதலால், சொல்ல வேண்டிய எதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்ளாமல், வாரியத்துக்கு அனுப்பும் கட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.