மதிப்பெண்ணும் மாணவரும்

மதுரைத் திருக்கோயிலின் பொற்றாமரைக் குளத்தைக் காணாத மதுரை மாணவர் அரியர். அக்குளத்தில் சங்கப் பலகை ஒன்று இருந்ததென்றும், தகுதியுடைய நூலுக்கே அஃது இடங்கொடுத்ததென்றும் வழிவழியாகக் கூறுவர். கதையே ஆயினும் அதில் ஒரு நயமுண்டு. பலகை நூலை நோக்கிற்று. நூலாசிரியர் எத்தேர்வில் எத்துணை மதிப்பெண் பெற்றார் என வினவவில்லை.

இக்காலத்துக் கல்லூரிகளில் அத்தகைய பலகை இல்லை. மே மாதத்தில் மேல்நிலைத் தேர்வின் முடிவு வெளிவந்ததும், மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் சூழ்ந்த சிற்றூர்களிலும் விண்ணப்பம் எழுதும் மாணவர் பலர்க்கு உறக்கம் வருவதில்லை. யான் ஓய்வு பெற்ற பின்னரும் அவர்களுட் சிலர் என் வீட்டுத் திண்ணைக்கு வருவதுண்டு. "ஐயா, இந்த மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும்?" என்று ஒருவன் கண்கலங்கிக் கேட்டான். மதிப்பெண் ஒரு பொருட்டன்று என்று கூற எனக்கு நா எழவில்லை, அது பொய்யாகும். 2007 முதல் நம் மாநிலத்தில் பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக்குத் தனி நுழைவுத்தேர்வு இல்லை. மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண்ணே இடத்தை முடிவு செய்கின்றது. ஆதலின் அவனுக்குக் கணித மேதை இராமானுசனின் வரலாற்றைக் கூறினேன்.

இராமானுசன் 1904-இல் குடந்தை அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் தேர்வில் தோற்றார்; உதவித்தொகையும் போயிற்று. 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில் எஃப்.ஏ. தேறினாலன்றிப் பட்டப்படிப்பு இல்லை. அத்தேர்விலும் அவர் இருமுறை தோற்றார். உடலியல் பாடம் அவருக்குப் பெருந்தடையாயிற்று. இத்தோல்வி அவருக்கு இழைத்த துன்பம் சிறிதன்று. வறுமையும் நோயும் உடன்வந்தன. அதனை மறைத்து அவர் புகழை மட்டும் பேசுவது முறையன்று.

ஆயினும் குறிப்பேட்டை அவர் கீழே வைக்கவில்லை. திருக்கோவிலூரில் துணை ஆட்சியராயிருந்த இராமசுவாமி ஐயரிடம் சென்று எழுத்தர் வேலை வேண்டினார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தோற்றுவித்தவர் அவ்வையர். குறிப்பேட்டைப் புரட்டிய அவர், இத்திறத்தை ஓர் எளிய வேலையில் புதைக்க மனமின்றி, கணிதமறிந்த சென்னை அன்பர்களுக்குக் கடிதம் தந்து அனுப்பினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 உரூபா ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அவர் எழுதியவற்றைக் கேம்பிரிட்சுக் கணித அறிஞர் இருவர் பொருட்படுத்தவில்லை. 1913 சனவரியில் ஆர்டி என்பார்க்கு எழுதினார்; அவர் படித்தார், வியந்தார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்கு மாதம் 75 உரூபா ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிற்று. எஃப்.ஏ. தேர்வில் அவரைத் தேறாதவர் என்று தள்ளியதும் அப்பல்கலைக்கழகமே.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவன், "நான் இராமானுசன் அல்லேனே, ஐயா" என்றான். உண்மைதான். விடைத்தாளின் படியைப் பெற்று மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், விரும்பிய பாடம் கிட்டாவிடின் அதனை ஒட்டிய பாடத்தை அரசு கலைக் கல்லூரியில் கேட்கலாம் என்றும், ஒரே கல்லூரியை நம்பியிராதே என்றும் கூறி அனுப்பினேன்.

மறுநாட் காலை அவன் மீண்டும் வந்தான். விண்ணப்பங்கள் மூன்றை எழுதி முடித்திருந்தான். அவற்றின் கீழே, தானே போட்டுப் பார்த்த கணக்குகள் நிறைந்த பழைய குறிப்பேடு ஒன்றும் இருந்தது. எனக்குக் கணக்கு வாராது. ஆயினும் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு அதனை முதல் ஏட்டிலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.