மீன் தொட்டி ஒழுகினால்: புதிதாய் வளர்ப்பவனுக்குச் சில வார்த்தைகள்

கண்ணா, உன் மீன் தொட்டி ஒழுகுகிறது என்று அம்மா சொன்னாள். 1909-இலேயே மெரினாவில் மீன் காட்சியகம் திறந்த ஊர் நம் சென்னை. கண்ணாடிக்குள் மீன் பார்க்கும் ஆசை நமக்குப் புதிதில்லை. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடையாற்றிலும் பல வீடுகளில் இந்த ஒழுகலைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்கு முன்னால் வீட்டுக்காரரின் நிதானம்தான் உடையும். அதனால் கொஞ்சம் உட்கார்ந்து கேள்.

1. முதலில் உயிரைப் பார். தரை நனைந்ததும் சோபாவை நகர்த்த ஓடாதே. கையைத் துடைத்துக்கொண்டு சுவிட்சை அணைத்துப் பிளக்கை எடு. சோப்பு படாத வாளியில் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஊற்றி, மீன்களை அதில் விட்டு, ஏர் பம்ப்பை வேறு பிளக் பாயிண்டில் செருகி அங்கே ஓடவிடு. குதிக்கும் மீன் உண்டு. மேலே வலைத்துணி போடு. குழாய்த் தண்ணீரை அப்படியே சேர்க்காதே, அதிலுள்ள குளோரின் செவுளைப் புண்ணாக்கும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவாமல் அதே வாளியில் போடு. கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் அதில்தான் குடியிருக்கின்றன.

2. அவசரப்பட்டுப் பழி போடாதே. அடையாற்றில் ஒரு நண்பர் வீட்டில் கடைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து பார்த்தால், கரண்ட் போகும்போதெல்லாம் ஏர் பம்ப் குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கியிருக்கிறது. பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்ததும் ஒழுகல் நின்றது; தொட்டியில் ஒரு குறையும் இல்லை. வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, அடியில் செய்தித்தாள் விரித்துப் பார். கோபம் இருக்கும் கண்ணுக்கு ஓட்டை தெரியாது.

3. தண்ணீரையே சாட்சி சொல்ல விடு. சொட்டுகிற இடம் வேறு, ஓட்டை இருக்கிற இடம் வேறு. ஓரத்தோடு ஊர்ந்து எங்கோ ஒரு மூலையில் வந்து சொட்டும். நம் போர் தண்ணீரின் உப்பு இங்கே ஒரு நன்மை செய்கிறது: கசிந்த வழியெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். மீன்களை எடுத்த பிறகு, அடியில் தட்டு வைத்துத் தொட்டியைத் தன்போக்கில் ஒழுக விடு. எந்த மட்டத்தில் ஒழுகல் நிற்கிறதோ, அந்த உயரத்தில்தான் ஓட்டை.

4. பூசி மெழுகாதே. வெளியே எம்-சீல் அப்பினால், உள்ளிருந்து தள்ளும் தண்ணீர் அதை மெல்லப் பெயர்த்துவிடும். கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பழைய சிலிக்கான்மேல் புது சிலிக்கானும் சரியாகப் பிடிக்காது. மந்தைவெளி மாமா ஒருவர் ஒழுகிய மூலையில் மட்டும் சிலிக்கான் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். பழையதும் புதியதும் சேர்ந்த இடத்தில் மறுபடி கசிந்தது. உள்மூலைகளில் இருப்பதை முழுவதும் பிளேடால் சுரண்டி எடு. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருந்து பிடித்துக்கொண்டிருக்கும் சிலிக்கானை மட்டும் தொடாதே. பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடு. சுரண்டுவதை யாரும் பாராட்ட மாட்டார்கள். ஆனால் பாதி வேலை அதுதான்.

5. கேட்டு வாங்கு, படித்து வாங்கு. ஹார்டுவேர் கடையில் சிலிக்கான் என்றால் பாத்ரூமுக்கான, பூஞ்சை பிடிக்காத டியூபை எடுத்து நீட்டலாம். பூஞ்சையைக் கொல்லும் மருந்து மீனுக்கும் ஆகாது. மீன் தொட்டிக்கு ஏற்றது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார். வாயில்லாத உயிருக்காக ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்படாதே.

6. காத்திருக்கக் கற்றுக்கொள். சிலிக்கானை ஒரே சீராக இழுத்து, மேலே தோல் கட்டும் முன் ஈரவிரலால் தடவிவிட்டு, எழுந்து போய்விடு. காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் அது இறுகும். அந்த வகையில் சென்னைப் புழுக்கம் உனக்குத் துணை. ஆனாலும் 24 மணி நேரம் குறைந்தபட்சம், 48 நல்லது, கனமாக வைத்திருந்தால் 72. வினிகர் வாடை போகும் வரை தண்ணீர் காட்டாதே. தி. நகரில் ஒரு வீட்டில் கொலுவுக்குத் தொட்டி வேண்டுமென்று ராத்திரி ஒட்டிக் காலையில் நிரப்பினார்கள். சாயங்காலம் விருந்தாளிகள் வரும்போது கொலுப்படிக்குக் கீழே நிஜக் குளமே இருந்தது.

7. சுமையை மதி. 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 85 லிட்டர் பிடிக்கும். அதாவது தண்ணீர் மட்டுமே 85 கிலோ. ஸ்டாண்ட் கோணலாக இருந்தால் அத்தனை பாரமும் ஒரு மூலையை முறுக்கும். ரசமட்டம் வைத்துப் பார்; தொட்டிக்கு அடியில் தெர்மகோல் போடு. ஒட்டியதை முதலில் பால்கனியில் வைத்துக் கால், அரை, முழு என்று நிரப்பி ஒரு நாள் விட்டுப் பார். தண்ணீரோடு தொட்டியை ஒருபோதும் தூக்காதே.

8. விடவேண்டியதை விடு. மூலைக் கசிவை நீ சரிசெய்யலாம். அடிக்கண்ணாடியில் விரிசல் என்றால் கௌரவம் பார்க்காதே. புதுத் தொட்டி வாங்கு. வண்ணமீனுக்குப் பேர்போன கொளத்தூர் இருக்கிறது, ஒரு நடை போய்வா. ஒட்டக்கூடியதை எறிவது ஊதாரித்தனம், ஒட்டக்கூடாததை ஒட்டுவது வீம்பு. இரண்டும் வேண்டாம்.

இன்றைக்கு மீன்களை மட்டும் பத்திரமாக மாற்று. பிளேடை நாளைக் காலை வெளிச்சத்தில் எடுத்தால் போதும்.