வேறு நேம்ஸ்பேஸுக்குப் போனதும் உடையும் மேக்ரோ

கேள்வி: க்ளோஷரில் ‘வரி’ என்ற நேம்ஸ்பேஸில் ‘வரியோடு’ என்று ஒரு மேக்ரோ எழுதியிருக்கிறேன். விரியும்போது அது அங்கேயே உள்ள ‘சரிபார்’ என்ற ஃபங்ஷனை அழைக்கும். அந்த ஃபைலுக்குள் நன்றாக ஓடுகிறது. ‘ரசீது’ நேம்ஸ்பேஸில் மேக்ரோவை மட்டும் ரெஃபர் செய்து பயன்படுத்தினால், ‘சரிபார்’ யாரென்றே தெரியவில்லை என்கிறது கம்பைலர். அதையும் ரெஃபர் செய்தால் ஓடுகிறது. மேக்ரோவைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் இப்படிச் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. மேக்ரோவுக்குள் ‘சரிபார்’ என்பதற்கு முன்னால் ஒற்றை மேற்கோள் (') போட்டிருப்பீர்கள். அதை எடுத்துவிட்டு, மேக்ரோ திருப்பித் தரும் வடிவம் முழுவதையும் பேக்டிக் (`) குறியால் தொடங்குங்கள். அழைப்பவர் தரும் மதிப்புகளுக்கு முன்னால் மட்டும் டில்டே (~) வையுங்கள்.

ஒற்றை மேற்கோள் போட்டால் வெறும் பெயர்தான் கிடைக்கும். அதில் நேம்ஸ்பேஸ் எதுவும் ஒட்டியிருக்காது. மேக்ரோ விரிவது ‘ரசீது’ கம்பைல் ஆகும்போது. அந்த வெறும் பெயரைக் கம்பைலர் ‘ரசீது’க்குள்தான் தேடும். இல்லையென்றால் பிழை காட்டும், அது நல்லதே. ‘ரசீது’க்காரர் தற்செயலாகத் தானும் ஒரு ‘சரிபார்’ எழுதி வைத்திருந்தால்தான் ஆபத்து. எந்தப் பிழையும் வராமல் உங்கள் மேக்ரோ அவருடைய ஃபங்ஷனை அழைத்துவிடும். வரிக் கணக்கில் இப்படி நடந்தால் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பேக்டிக் போட்ட வடிவத்தில் உள்ள ‘சரிபார்’ என்ற பெயரை, உங்கள் ஃபைலைப் படிக்கும்போதே ரீடர் ‘வரி/சரிபார்’ என்று முழுப்பெயராக்கிவிடும். நீங்கள் வைத்த அலையஸ்களும் அப்போதே அசல் பெயராக மாறும். மேக்ரோ எங்கே விரிந்தாலும் பெயர் தடுமாறாது. காமன் லிஸ்ப்பில் சாதாரணச் சிம்பல்களைப் படிக்கும்போதே ஒரு பேக்கேஜில் சேர்த்துவிடுவதால், உங்களுக்கு வந்த சிக்கல் அங்கே இதே வடிவில் வராது. ஸ்கீம்காரர்கள் போனது வேறு வழி: கோல்பெக்கரும் மற்றவர்களும் 1986-இல் முன்வைத்த ‘ஹைஜீனிக்’ முறையில் பெயர் மோதலைத் தவிர்ப்பது மேக்ரோவை விரிக்கும் இயந்திரத்தின் பொறுப்பு. க்ளோஷர் அந்த அளவுக்குப் போகவில்லை. எழுதுபவரிடம் கொஞ்சம் கவனம் கேட்கிறது.

அந்தக் கவனம் முதலில் தேவைப்படுவது ‘லெட்’டில். பேக்டிக்குக்குள் அதில் சாதாரணப் பெயர் வைத்தால் அதுவும் நேம்ஸ்பேஸோடு சேர்ந்துவிடும், கம்பைலர் ஏற்காது. பெயரின் கடைசியில் ஹாஷ் (#) போடுங்கள், வேறெதோடும் மோதாத புதுப் பெயர் ஒன்றை ரீடர் உருவாக்கித் தரும். ~' போட்டு வெறும் பெயரையே திணிக்கவும் முடியும். அழைப்பவருடைய வேரியபிளை வேண்டுமென்றே பிடிக்க நினைத்தாலொழிய அதைத் தொடாதீர்கள்.

அடுத்தது பிரைவேட் ஃபங்ஷன். ‘சரிபார்’ பிரைவேட்டாக இருந்தால், முழுப்பெயரோடு அழைத்தாலும் ‘ரசீது’ கம்பைல் ஆகாது. விரிந்த நிரல் ‘ரசீது’க்குச் சொந்தமானது, அணுகும் உரிமையும் அங்கிருந்துதான் பார்க்கப்படும். #' போட்டு அந்தத் தடையைத் தாண்டலாம். எனக்கு அது பிடிப்பதில்லை. மேக்ரோவை இரண்டு மூன்று வரியில் நிறுத்தி, உண்மையான வேலையைப் பப்ளிக் ஃபங்ஷன் ஒன்றில் வைப்பதே நல்லது. ஃபங்ஷனைத் திருத்தினால் பழைய அழைப்புகளும் பெரும்பாலும் புதியதையே எடுத்துக்கொள்ளும். மேக்ரோவைத் திருத்தினாலோ, அதைப் பயன்படுத்திய ஒவ்வொரு நேம்ஸ்பேஸையும் மறுபடி லோடு செய்ய வேண்டும்.

தற்போதைய நேம்ஸ்பேஸைக் காட்டும் நட்சத்திரக்குறி வேரியபிளையும் கவனியுங்கள். மேக்ரோ விரியும் நேரத்தில் அது ‘ரசீது’ என்று காட்டும். ஓடும் நேரத்தில் அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது. எந்த நேம்ஸ்பேஸிலிருந்து செய்தி வந்தது என்று பதிவுசெய்யும் லாகிங் மேக்ரோக்கள் விரியும்போதே அந்த மதிப்பை எடுத்துக்கொள்வது இதனால்தான்.

திருத்தியதும் ‘வரி’யில் சோதித்து நிறுத்திவிடாதீர்கள். ‘ரசீது’க்குள் போய் மேக்ரோஎக்ஸ்பாண்ட்-1 போட்டுப் பாருங்கள். உங்களுடைய ஃபங்ஷன் பெயர் எதுவும் சாய்கோடு இல்லாமல் நின்றால், அங்கே இன்னும் வேலை பாக்கியிருக்கிறது.