ஊரே சைவமாகும் ஒன்பது நாள்

கேள்வி: ஆசியாவில் ஆண்டு முழுவதும் உணவுத் திருவிழாக்கள் நடக்கின்றனவாமே! சுத்த சைவமான நான் எதற்குப் போகலாம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: யோசிக்காமல் தாய்லாந்தின் புக்கெட்டுக்குப் போங்கள், அம்மா. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஒன்பது நாள் அங்கே சைவத் திருவிழா. 1825இல் கத்து பகுதிக்கு வந்த சீன நாடகக் குழுவினர் நோயில் விழுந்து, விரதமிருந்து ஒன்பது பேரரசத் தெய்வங்களை வேண்டிக் குணமடைந்தார்கள் என்பது அங்கே வழங்கும் கதை. மீன்சாறு கலக்காத தாய்ச் சமையல் மற்ற நாட்களில் அரிது. அப்போதோ மஞ்சள் கொடி பறக்கும் கடையில் நம்பி உட்காரலாம். முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. பொரித்த டோஃபுவை அவசியம் சாப்பிடுங்கள். ஊர்வலத்தில் கன்னத்தில் அலகு குத்தி வருவார்கள். நம் காவடியைப் பார்த்தவருக்கு அது அந்நியமாக இராது. தேதி ஆண்டுதோறும் மாறும். பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி வரும். பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.